பொன்ஜூரும் தொசியேயும்: பிரான்ஸில் வாழத் தெரிந்திருக்க வேண்டியவை

பிரான்ஸில் புதிதாகக் குடியேறுகிறவர் முதல் சில வருடங்களில் படும் அலைச்சலுக்கு மொழி மட்டும் காரணமில்லை. பிரெஞ்சு ஓரளவு பேசத் தெரிந்தவர்களும் அதே வரிசைகளில் நின்று, அதே 'ஆவணம் குறைகிறது' கடிதத்தோடு திரும்புகிறார்கள். இந்தக் குடியரசு மனிதரை எப்படிப் பார்க்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

1958ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, முதல் பிரிவிலேயே பிரான்ஸைப் பிரிக்க முடியாத, மதச்சார்பற்ற, சனநாயக, சமூகக் குடியரசு என்கிறது. பிறப்பிடம், இனம், மதம் பார்க்காமல் குடிமக்கள் எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அன்றாடம் இதை நடைமுறையிலேயே காணலாம். ஒருவரின் இனம், மதம் பற்றிய தகவல்களைத் திரட்டுவதை 1978 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்பார்கள், இனத்தைக் கேட்கமாட்டார்கள். பிரான்ஸில் எத்தனை தமிழர் வாழ்கிறார்கள் என்பதற்கு அதிகாரபூர்வமான எண்ணிக்கை இல்லாததற்கு இதுவே காரணம். அரசுக்கும் உங்களுக்கும் நடுவில் ஊர்ப் பெரியவரோ, சமூகத் தலைவரோ, 'எனக்குத் தெரிந்தவர்' ஒருவரோ நிற்க இடமில்லை. உங்களுக்காகப் பேசுவது உங்கள் 'தொசியே', அதாவது ஆவணக் கட்டு.

தமிழருக்கு இது புதிதும் அல்ல. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி, சாதி, மதம் சார்ந்த தங்கள் வழக்குச் சட்டத்தை எழுத்துமூலம் துறந்தவர்கள் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்தார்கள், குடும்பப்பெயரும் எடுத்துக்கொண்டார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த மண்ணில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர், எழுதாதவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தியர். எழுத்து, காலக்கெடு என்ற இந்த இரண்டும் இன்றுவரை இந்த நாட்டை நடத்துகின்றன.

முதற்சொல்

அரசு தாளைப் பார்க்கிறது என்றால், மக்கள் முதற்சொல்லைப் பார்க்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும், பேருந்தில் ஏறியதும், மின்தூக்கியில் அயலவரைக் கண்டதும், வைத்தியரின் காத்திருப்பு அறைக்குள் போனதும் முதலில் 'பொன்ஜூர்', அதாவது வணக்கம், வரவேண்டும். கேள்வியும் மன்னிப்பும் பணமும் அதற்குப் பிறகு. 'ஒரு பகெத்' என்று நேரே கேட்டால், பாண் விற்பவர் நிமிர்ந்து பார்த்து, தானே 'பொன்ஜூர்' என்று அழுத்திச் சொல்வார். அதை வரவேற்பு என்று நினைக்க வேண்டாம், அது கண்டிப்பு. அதற்குப் பிறகு கிடைக்கும் முகத்தைப் பார்த்து வெளிநாட்டவர் பலர் இனவெறி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இனவெறி இங்கே இருக்கிறது, சில இடங்களில் மோசமாகவே இருக்கிறது. ஆனால் கவுண்டரில் விழும் கடுகடுப்பில் நிறையவே இந்த ஒரு சொல் வராததால் வருவது. 'பொன்ஜூர் மதாம்' அல்லது 'பொன்ஜூர் மிஸ்யூ' என்று சொல்லி, பதில் வாழ்த்து வரும்வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு விஷயத்தைத் தொடங்கிப் பாருங்கள்.

மாலையானதும் 'பொன்சுவார்'. விடைபெறும்போது 'மெர்சி, ஒ ரெவுவார், பொன் ஜூர்னே'. ஒரே நாளில் அதே ஆளை மறுபடி கண்டால் இன்னொரு பொன்ஜூர் சொல்லக்கூடாது. காலையில் சந்தித்ததை மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். தலையசைத்தால் போதும், அல்லது 'ரெபொன்ஜூர்'. அலுவலர், ஆசிரியர், வைத்தியர், வீட்டுக்காரர், வயதில் மூத்த அயலவர் எல்லோருக்கும் 'வூ', அதாவது 'நீங்கள்'. சக ஊழியர் 'நாம் தூ என்றே பேசுவோம்' என்று தாமாகச் சொன்ன பிறகு 'தூ', அதாவது 'நீ'.

கவுண்டரில் 'இது முடியாது' என்ற பதில் அடிக்கடி வரும். பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது தொடக்கம்தான். குரலை உயர்த்தாமல் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஆவணம் குறைகிறது, அது எந்த விதியில் இருக்கிறது? பதிலை அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாதம் செய்வதை இங்கே யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை, நியாயத்தோடு பேசினால் மதிக்கிறார்கள். சத்தம் போட்டால் கதவு மூடிவிடும். சிறிய ஊர்களில் மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை கவுண்டரே மூடியிருக்கும், அந்த நேரத்தில் போய்ப் பயனில்லை.

தாள்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பெயர். பிரெஞ்சுப் படிவத்தில் 'நொம்' குடும்பப்பெயருக்கு, 'பிரெநொம்' உங்கள் பெயருக்கு. தகப்பன் பெயரையோ தலைப்பெழுத்தையோ கொண்டு வாழும் நமக்கு எதை எங்கே போடுவது என்ற குழப்பம் இயல்பு. எப்படிப் பிரித்தாலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துமாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். முதல் வதிவிட அட்டையில் விழும் பிழை, சமூகப் பாதுகாப்பு, வங்கி, வரி அலுவலகம், ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றாகப் பரவும். பிறகு அதைத் திருத்த ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக நிற்கவேண்டும்.

இந்தியப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் 'அப்போஸ்தில்' முத்திரை வேண்டும், அதை இந்தியாவிலேயே எடுக்கவேண்டும். முத்திரை விழுந்த பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள்; முந்திக் கொடுத்தால் மொழிபெயர்ப்பில் முத்திரை இருக்காது, இரண்டாம் முறை காசு கொடுக்க நேரும். மொழிபெயர்ப்பாளர் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள, சத்தியப்பிரமாணம் செய்தவராக இருக்கவேண்டும். தமிழுக்கு அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; பட்டியலை நீதிமன்ற இணையதளத்தில் பார்க்கலாம். பழக்கமானவர் நன்றாகப் பிரெஞ்சு எழுதுவார் என்பது இங்கே செல்லாது.

அடுத்தது முகவரிச் சான்று. மின்சாரம், எரிவாயு, இணையக் கட்டணச் சீட்டு அல்லது வாடகை ரசீது. பெரும்பாலான இடங்களில் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகக் கேட்பார்கள். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் மூன்று தாள் ஒன்றாகப் போகவேண்டும்: அவர் கையெழுத்திட்ட தங்கவைப்புச் சான்று, அவருடைய அடையாள அட்டையின் பிரதி, அவர் பெயரிலுள்ள கட்டணச் சீட்டு. தம்பதியர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. வீட்டு ஒப்பந்தமும் மின்சாரமும் கணவர் பெயரில் மட்டும் இருக்கும். சில வருடம் கழித்து மனைவி தன் வதிவிட அட்டைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, இந்த நாட்டில் வாழ்ந்ததற்கே தன் பெயரில் ஒரு தாள் இருக்காது. மின்சாரக் கணக்கில் இருவர் பெயரையும் போடச் சொல்லி முதல் நாளே கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பெண்ணின் உரிமை ஒரு சீட்டில் பெயர் இல்லாததால் பின்தங்கிப்போவதைப்போல வருத்தம் தருவது வேறில்லை.

எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது? சம்பளச் சீட்டுகளை ஓய்வூதியம் கையில் வரும்வரை. மின்சாரக் கட்டணச் சீட்டும் வங்கிக் கணக்கு விபரமும் ஐந்து வருடம். வாடகை ஒப்பந்தமும் ரசீதுகளும் வீட்டைவிட்டுப் போன பிறகு மூன்று வருடம். வரி அறிக்கைக்குச் சட்டப்படி மூன்று வருடம் போதும், ஆனால் குடியுரிமை கேட்கும் எண்ணமுள்ளவர் ஒன்றையும் எறிய வேண்டாம். காலாவதியான வதிவிட அட்டைகளின் முன்பக்க, பின்பக்கப் பிரதிகள் ஆயுளுக்கும் இருக்கட்டும். தாள் ஒன்று, ஒளிவருடிய பிரதி ஒன்று என இரண்டு வடிவில்.

நீண்டகால வதிவிட விசாவில் வந்தவர்கள் வந்து மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்யவேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பம் அட்டை முடிவதற்கு நான்கு மாதம் முன்பிலிருந்து இரண்டு மாதம் முன்பு வரையான இடைவெளிக்குள் போகவேண்டும். பிந்தினால் 180 யூரோ கூடுதல் கட்டணம் வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய அட்டை முடிந்து புதிய சான்று வராத இடைவெளியில் முதலாளி வேலையை நிறுத்திவைப்பது. விண்ணப்பித்த அன்றே வரும் உறுதிச் செய்தியைச் சேமித்துக்கொள்ளுங்கள். அது விண்ணப்பித்ததற்கு மட்டும் சான்று. சட்டபூர்வமாகத் தங்கவும் வேலை செய்யவும் சான்றாவது, பிறகு வரும் 'நீடிப்புச் சான்று'. அது வராமலே அட்டை முடியப்போகிறது என்றால் முடிவதற்கு முன்பே பிரெஃபெக்சருக்கு (அரசின் மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்கு) எழுதுங்கள்.

இணையதளம் வேலை செய்யாவிட்டால் அந்தப் பிழைத் திரையைத் தேதி, நேரம் தெரியும்படி ஒவ்வொரு முறையும் படமெடுத்து வையுங்கள். கட்டாய இணைய விண்ணப்பத்துக்கு மாற்று வழி இருக்கவேண்டும் என்று 2022 ஜூன் 3இல் கொன்செய் தெத்தா, அதாவது நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிரெஃபெக்சர்களில் இணைய உதவிக்கான கவுண்டரும் உண்டு. உங்கள் படங்கள் இல்லாமல் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

2026 ஜனவரியிலிருந்து மொழி நிலை உயர்ந்திருக்கிறது. ஏ1 முதல் சி2 வரை ஏறும் ஐரோப்பிய மொழித் தர வரிசையில் பல வருட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. கூடவே குடிமை அறிவுத் தேர்வு: 45 நிமிடத்தில் 40 கேள்வி, 32 சரியாக இருக்கவேண்டும். பி2 என்பது சந்தைப் பேச்சு அல்ல. ஒரு கருத்தை எடுத்து வாதிட்டு எழுதவேண்டும். உணவகச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை செய்து பேசக் கற்றவர்களுக்கு எழுத்துத்தான் தடையாக நிற்கும். வாரம் ஒரு கடிதம் எழுதிப் பழகுவதை இன்றே தொடங்கினால் நல்லது. பல மெரிகளிலும் (நகரசபைகளிலும்) சங்கங்களிலும் மாலை வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் இடம் நிரம்பிவிடும்.

வீடு

வாடகை வீட்டுக்கு உங்கள் தொசியே வீட்டுக்காரரின் கையில் ஒரு சில நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். அடையாள அட்டை, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், கடைசி வரி அறிக்கை, கடைசி மூன்று வாடகை ரசீது ஆகியவை ஒரே கோப்பில், இந்த வரிசையில். வாடகையைப்போல் மூன்று மடங்கு வருமானம் என்பது சட்டமல்ல, வழக்கம். வருமானம் போதாவிட்டால் பிணையாளர் வேண்டும். உறவினர் கிடைக்காதவர்களுக்கு 'விசால்' என்ற இலவசப் பிணைத் திட்டம் இருக்கிறது, 30 வயது வரையுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். 'தொசியே ஃபசில்' என்ற அரசு இணையச் சேவையில் ஆவணங்களை ஏற்றினால், வேறு யாரும் திருடிப் பயன்படுத்த முடியாதபடி ஒவ்வொரு பக்கத்திலும் நீரெழுத்து விழுந்த கோப்பு கிடைக்கும்.

வங்கிக் கணக்கு விபரம், உடல்நலத் தாள், சமூகப் பாதுகாப்பு அட்டையின் பிரதி ஆகியவற்றை வீட்டுக்காரர் கேட்கக்கூடாது. என்னவெல்லாம் கேட்கலாம் என்று 2015 நவம்பர் 5ஆம் தேதி ஆணையில் பட்டியல் இருக்கிறது. வீட்டைப் பார்ப்பதற்கு முன் பணம் அனுப்பச் சொல்கிறவர் மோசடிக்காரர், விதிவிலக்கே கிடையாது. ஒன்பது சதுர மீட்டருக்குக் குறைந்த, கூரை 2.20 மீட்டர்கூட இல்லாத அறைகளைப் புதியவர்களின் அவசரத்தைப் பார்த்து வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நம்மவர்களிலும் இருக்கிறார்கள். இருபது கனமீட்டர் கொள்ளளவாவது இல்லாத அத்தகைய அறை சட்டப்படி வீடே அல்ல.

முற்பணம் வெற்று வீட்டுக்கு ஒரு மாத வாடகை, தளபாடத்தோடு என்றால் அதிகபட்சம் இரண்டு மாதம். சாவி வாங்கும் நாளில் எழுதும் 'எத்தா தெ லியூ', வீட்டு நிலை அறிக்கை, அந்த முற்பணத்தின் உயிர். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள், எல்லா மின்செருகியிலும் ஒரு மின்னேற்றியைச் செருகிப் பாருங்கள், யன்னல்களை மூடித் திறவுங்கள், சுவரின் கறை, தரையின் கீறல், குளியலறைப் பூஞ்சை எல்லாவற்றையும் எழுதச் சொல்லிப் படமும் எடுங்கள். 'நல்ல நிலை' என்று பொதுவாக எழுதியதில் கையெழுத்திட்டால் பழைய கறையும் உங்கள் கணக்குத்தான். விட்டுப்போனதைப் பத்து நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். வெப்பமூட்டிக்கு அந்தப் பருவத்தின் முதல் மாதம் முழுவதும் அவகாசம் உண்டு. கோடையில் குடிபுகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளியேறும்போது வெற்று வீட்டுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு, தளபாட வீட்டுக்கு ஒரு மாதம். பாரிஸ்போன்ற நெருக்கடிப் பகுதிகளில் வெற்று வீட்டுக்கும் ஒரு மாதம்தான், ஆனால் அந்தக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதவேண்டும். எழுதாவிட்டால் மூன்று மாத வாடகையும் உங்கள் தலையில் விழும். கடிதம் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு போகவேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது நீங்கள் அனுப்பிய அன்று அல்ல, அவர் கையில் கிடைத்த அன்று. வீட்டுக்காரர் வாங்க மறுப்பார் என்ற சந்தேகம் இருந்தால் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது நீதிமன்ற ஆணையர் மூலம் அனுப்புங்கள். நிலை அறிக்கை இரண்டும் ஒத்துப்போனால் முற்பணம் ஒரு மாதத்தில் திரும்பவேண்டும், இல்லையேல் இரண்டு மாதத்தில். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் அவர் உங்களுக்குக் கூடுதலாகத் தரவேண்டும். இதை மேற்கோள்காட்டி ஒரு பதிவுக் கடிதம் போனாலே பெரும்பாலும் பணம் வந்துவிடும்.

வாடகை கட்ட முடியாமல் போனாலும் நவம்பர் 1இலிருந்து மார்ச் 31 வரை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. கடன் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் முதல் மாதம் தவறியவுடனேயே மெரியின் சமூகசேவகரிடம் போங்கள். வீட்டு உதவிப்பணத்துக்குக் குடிபுகுந்த அன்றே காஃப் (குடும்ப உதவிப்பண நிதியம்) தளத்தில் விண்ணப்பியுங்கள், விண்ணப்பிக்காமல் விட்ட மாதங்களுக்குத் தரமாட்டார்கள். சமூக வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். ஒரு வருடம் மறந்து, காத்திருந்த வருடங்கள் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் நிறைய.

உடம்பு

இந்த நாட்டின் மக்கள் எதைப் பற்றியும் முணுமுணுப்பார்கள், 1945இல் பிறந்த, மருத்துவக் காப்புறுதியை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்பைத் தொட்டால் மட்டும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அதன் எண் 15 இலக்கம். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று தொடங்கி, பிறந்த வருடத்தின் இரண்டு இலக்கம், மாதம், பிறந்த இடம், வரிசை எண், கடைசியில் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இடத்தின் முதல் இரண்டு இலக்கம் 99. 7, 8 என்று தொடங்கினால் அது தற்காலிக எண். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்போடு அனுப்பி நிரந்தர எண்ணாக்கும்வரை 'கார்த் வித்தால்' என்ற மருத்துவக் காப்புறுதி அட்டை கிடைக்காது.

16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரைப் பதிவுசெய்யவேண்டும். செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் பாருங்கள். பொது வைத்தியரின் கட்டணம் 2024 டிசம்பரிலிருந்து 30 யூரோ. பதிவுசெய்தவருக்கு 70 சதவீதமான 21 யூரோவில் 2 யூரோ கழித்து 19 யூரோ திரும்பிவரும், மிச்சத்தில் 9 யூரோவைத் துணைக் காப்புறுதி தரும். பதிவுசெய்யாதவருக்கு 30 சதவீதம்தான், கழித்தபின் 7 யூரோ, துணைக் காப்புறுதியும் அந்த ஓட்டையை அடைக்காது. கண், பல், மகப்பேற்று வைத்தியரிடம் நேரே போகலாம். தோல், இதயம் என்று மற்ற நிபுணர்களுக்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டும். தனியார் நிறுவனத்தில் வேலை செய்தால் துணைக் காப்புறுதியில் பாதியையாவது முதலாளி கட்டவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அரசுத் துணைக் காப்புறுதி உண்டு.

சுகவீன விடுப்புத் தாள் 48 மணித்தியாலத்துக்குள் காப்புறுதிக்கும் முதலாளிக்கும் போய்ச்சேரவேண்டும். கர்ப்பத்தை மூன்றாம் மாதம் முடிவதற்குள் அறிவிக்கவேண்டும். ஆறாம் மாதத் தொடக்கத்திலிருந்து செலவு முழுவதையும் காப்புறுதி ஏற்கும். பிள்ளை பிறந்த நாளை விட்டு ஐந்து நாளுக்குள் பிறந்த ஊர் மெரியில் பதிவு செய்யவேண்டும், தவறினால் நீதிமன்றம்தான். அவசர மருத்துவத்துக்கு 15ஐ அழைக்கும்போது முகவரியோடு மாடியையும் கட்டடக் கதவின் இரகசிய எண்ணையும் சொல்லுங்கள். வண்டி வந்தும் கதவுக்கு வெளியே நிமிடங்கள் வீணாகின்றன. அந்த எண்ணை வீட்டிலுள்ள முதியவர்களும் தாளில் எழுதி வைத்திருக்கட்டும்.

பிள்ளைகளும் பள்ளியும்

2019இலிருந்து மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். முதலில் மெரியில் பதிவு, பிறகு பள்ளி அதிபரிடம். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை. பிரெஞ்சு தெரியாமல் பெரிய வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்குத் தனி மொழி வகுப்பு இருக்கிறது, கேட்டால்தான் சில இடங்களில் சொல்வார்கள். மதிய உணவின் விலை பல ஊர்களில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறும். வருமானத் தாள் கொடுக்காவிட்டால் உச்ச விலையைப் போட்டுவிடுவார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் நம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இங்கே 20க்குத்தான் மதிப்பெண். 10 தேர்ச்சி. பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரெயாவில் 12 எடுத்தால் ஓரளவு நன்று, 14 நன்று, 16 மிக நன்று என்று சான்றிதழிலேயே எழுதுவார்கள். 13 எடுத்து வந்த பிள்ளையை '65 சதவீதம்தானா' என்று கேட்டு உடைத்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் 20 போடுவது அரிது. மதிப்பெண்ணை வகுப்புச் சராசரியோடு ஒப்பிட்டு, பக்கத்தில் எழுதிய குறிப்பை வாசியுங்கள். 'பேசுவதில்லை, வாய்மொழியில் பங்கெடுக்கவேண்டும்' என்ற குறிப்பு நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும். அமைதியாக இருப்பது நல்ல குணம் என்று நாம் வளர்க்கிறோம். இந்த நாட்டுப் பள்ளி வாதிடக் கற்றுக்கொடுக்கும் இடம். வீட்டிலேயே பிள்ளையைக் கருத்துச் சொல்லவும் மறுத்துப் பேசவும் விடுங்கள்.

மூன்றாம் வகுப்பு என்பது இங்கே பதினான்கு, பதினைந்து வயது. அந்த வருடத்தில்தான் பொதுக் கல்வியா தொழிற்கல்வியா என்ற தெரிவு. பள்ளி சொல்வதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. அதிபரைச் சந்திக்கலாம், பிறகு மேல்முறையீட்டுக் குழுவுக்கும் போகலாம். அதற்குச் சில நாள் அவகாசமே கிடைக்கும். மலிவான விமானச் சீட்டுக்காகப் பள்ளி நடக்கும் ஜூனில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. காரணமில்லாமல் ஒரு மாதத்தில் நான்கு அரைநாள் வராவிட்டால் கல்வித் துறைக்கு அறிக்கை போகும்.

வேலையும் வரியும்

நிரந்தர ஒப்பந்தத்தில் சாதாரண ஊழியரின் சோதனைக்காலம் இரண்டு மாதம், நிர்வாகத் தரத்துக்கு நான்கு. வாரம் 35 மணித்தியாலம், வருடம் ஐந்து வாரச் சம்பள விடுமுறை. சண்டை போட்டுவிட்டு மறுநாளிலிருந்து போகாமல் விடுவது இப்போது மிக ஆபத்து. 2023இலிருந்து, எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகும் வேலைக்குத் திரும்பாதவர் தானாக விலகியவராகக் கருதப்படுவார், வேலையில்லாதவர் உதவிப்பணம் போய்விடும். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போக 12 மாதம், கிடைக்காத சம்பளத்துக்கு மூன்று வருடம். கணக்கில் காட்டாமல் கையில் தரும் சம்பளம் அன்றைக்கு இனிக்கும். ஓய்வூதியம், வதிவிட அட்டை, வீடு எல்லாம் சம்பளச் சீட்டில்தான் நிற்கின்றன.

வருமானமே இல்லாவிட்டாலும் வருடாவருடம் வசந்தகாலத்தில் வரி அறிவிப்புச் செய்யுங்கள். அதற்குக் கிடைக்கும் 'அவி தெம்போசிசியோன்' என்ற அறிக்கைதான் வீடு, பள்ளி உணவு, துணைக் காப்புறுதி எல்லாவற்றுக்கும் திறவுகோல். ஊரில் உள்ள வங்கிக் கணக்குகளையும் 3916 படிவத்தில் சொல்லவேண்டும், அதில் நூறு ரூபாய் இருந்தாலும். சொல்லாத ஒவ்வொரு கணக்குக்கும் 1,500 யூரோ அபராதம்.

மதமும் தெருவும்

'லாயிசித்தே', அதாவது மதச்சார்பின்மை, பற்றி வெளியில் பயமுறுத்தல் அதிகம். 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம் அரசை மதத்திலிருந்து பிரித்தது. நம்பிக்கைச் சுதந்திரத்துக்கு உறுதி சொல்வதும் அதே சட்டம்தான். நடுநிலை காக்கவேண்டியவர் அரசு ஊழியர். பொதுப் பள்ளி மாணவருக்கு 2004 சட்டம் எடுப்பான மத அடையாளங்களைத் தடுக்கிறது. தெருவில் நடக்கும் உங்களை அது தடுப்பதில்லை. பாரிஸ் லா சப்பல் பகுதியில் கோடை முடிவில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஓடுகிறது, தெருவில் தேங்காய் உடைகிறது, பொலிஸார் போக்குவரத்தைத் திருப்பி வழிவிடுகிறார்கள். அனுமதியின் பின்னால் இருப்பது முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தாள்கள்.

சங்கம் தொடங்க 1901 சட்டப்படி இரண்டு பேர் போதும். பெயர், நோக்கம், முகவரி எழுதிய விதிமுறை, நிர்வாகிகளின் பட்டியல், பிரெஃபெக்சரில் இணைய அறிவிப்பு. அரச இதழில் இலவசமாக வெளியாகும். தமிழ்ப் பள்ளிக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ மெரியின் மண்டபம் கேட்க இது வேண்டும். கோவிலிலோ தேவாலயத்திலோ திருமணம் செய்வதற்கு முன் மெரியில் குடிமைத் திருமணம் முடிந்திருக்கவேண்டும், சட்டம் மதிப்பது அதை மட்டும்தான்.

மறுப்பு வந்தால்

வதிவிட அட்டைக்கு நான்கு மாதம் பதில் வராவிட்டால் அதுவே மறுப்பாகக் கணக்கிடப்படும். இதைத் தெரியாமல் ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் பலர். அந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றம் போகலாம். அதற்குள் மறுப்பின் காரணத்தைக் கேட்டுப் பதிவுக் கடிதமும் அனுப்பலாம். நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் கட்டளையாக இருந்தால் கால அவகாசம் மிகக் குறைவு, அன்றே வழக்கறிஞரிடம் போங்கள், வருமானம் குறைந்தவருக்குச் சட்ட உதவி உண்டு. எந்த அலுவலகத்தோடும் சிக்கிக்கொண்டால், 'தெஃபான்சர் தே துருவா' என்ற உரிமைக் காவலரின் பிரதிநிதிகள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். கட்டணமில்லை, நேரில் சந்திக்கலாம், அவர்கள் எழுதும் கடிதத்துக்கு அலுவலகங்கள் பதில் தருகின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவரிடம் போனதால் நீதிமன்றக் காலக்கெடு பொதுவாக நிற்காது.

குடியுரிமை கிடைத்தவர்களுக்கு, வெளிநாட்டில் பிறந்திருந்தாலும், நாந்த் நகரிலுள்ள மத்தியப் பதிவகம் ஒரு பிரெஞ்சுப் பிறப்புப் பதிவை எழுதித் தரும். அதை வாங்கிய அன்றே உங்கள் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தேதி ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே நாந்துக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் பிள்ளைகளின் ஆவணங்களும் இனி அந்தப் பதிவைப் பார்த்துத்தான் எழுதப்படும்.